ஆண்ட்ராய்டு போனை ரூட் செய்வது: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் போன்களை ரூட் செய்யத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. வேலையிடத்தில் கூட இருப்பவர்கள், தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகள், எங்கள் புளோக்கில் கீழ் மாடி அங்கிள் என்று ஆளுக்கொரு போனோடு வருவார்கள். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளச் செயலி), வங்கி பற்றிய கேள்வியை முதலில் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ரூட் என்றால் என்ன, எளிமையாகச் சொல்லுங்கள்?

ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ். லினக்ஸில் பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு, அதில் 0 என்ற எண்ணுக்குச் சொந்தக்காரர்தான் ரூட். அவர் எந்தக் கோப்பையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம், தடுக்க ஆளில்லை. நீங்கள் போனில் போடும் ஒவ்வொரு செயலிக்கும் வேறு வேறு எண், தனித்தனி அறை. ஒன்றின் அறைக்குள் இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த 0 என்ற எண் போனை வாங்கிய உங்களுக்கும் கிடைப்பதில்லை. சொந்தக் காசு போட்டு வாங்கிய வீட்டில் ஓர் அறையின் சாவி மட்டும் கட்டியவர் கையிலேயே இருப்பது மாதிரி. அந்தச் சாவியை வாங்குவதுதான் ரூட் செய்வது.

சிம் அன்லாக், பூட்லோடர் அன்லாக், ரூட் எல்லாம் ஒன்றுதானே?

மூன்றும் வேறு. சிம் அன்லாக் என்பது எந்த நிறுவனத்தின் சிம் கார்டு வேலை செய்யும் என்பது பற்றியது. பூட்லோடர் என்பது போனை ஆன் செய்தவுடன் முதலில் ஓடி, அடுத்து வரும் மென்பொருள் தயாரிப்பாளருடையதுதானா என்று கையெழுத்தைச் சரிபார்க்கும் வாயிற்காவலர். அவரை விலகச் சொல்வது பூட்லோடர் அன்லாக். அதன் பிறகு உள்ளே போய் ரூட் அனுமதியை வைப்பது மூன்றாவது வேலை. பூட்லோடரைத் திறந்துவிட்டு ரூட் செய்யாமல் லினேஜ் ஓஎஸ் மாதிரி வேறு ரோம், அதாவது வேறு ஒருவர் தயாரித்த முழு ஆண்ட்ராய்டு மென்பொருள், போட்டுக்கொள்பவர்களும் நிறைய.

இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும்? என் போன் நன்றாகத்தானே ஓடுகிறது?

நன்றாக ஓடினால் விட்டுவிடுங்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

நான் ஏன் தொடங்கினேன் என்றால் தமிழுக்காக. ஆண்ட்ராய்டு 4.0 வருவதற்கு முன்னால் பல போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. அம்மா ஊரிலிருந்து தமிழில் மின்னஞ்சல் அனுப்பினால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். ஆப்பரா மினியில் ஒரு ரகசிய அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் படமாக வாங்கிக்கொள்ளும் தெரிவைப் போட்டுத்தான் தமிழ்த் தளங்களைப் படித்தோம். அது உலாவிக்கு மட்டும். போன் முழுக்கத் தமிழ் வேண்டுமென்றால் ரூட் செய்து, எழுத்துருக் கோப்பை அமைப்புக் கோப்புறைக்குள் நாமே வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் 'கொ' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறித்தான் வரும். ஆனாலும் முதல்முறை கட்டங்கள் மறைந்து எழுத்து தெரிந்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 4.0-இல் தமிழ் எழுத்துரு உள்ளேயே வந்துவிட்டது, இன்று அந்தத் தேவை யாருக்கும் இல்லை.

இன்றைக்கு ரூட் பயன்படும் இடங்கள் வேறு. எந்தச் செயலி இணையத்துக்குப் போகலாம் என்று நாமே முடிவு செய்யலாம். செயலியையும் அதன் உள்தரவையும் அப்படியே பேக்கப் எடுக்கலாம். போன் முழுக்க விளம்பரத்தைத் தடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது மின்னேற்றக் கட்டுப்பாடு. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு பழைய போன் மாட்டியிருக்கிறேன். பஸ் எத்தனை நிமிடத்தில் வரும், மழை வருமா என்று காட்டிக்கொண்டே இருக்கும். இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜரில் கிடக்கும் போன், அதுவும் இந்த ஊர் வெக்கையில், 100 சதவீதத்திலேயே நின்றால் பேட்டரி உப்பிவிடும். இதற்கு முன் அங்கே மாட்டியிருந்த போனின் பின்மூடி ஒருநாள் காலையில் பிளந்துகொண்டு நின்றது, உள்ளே பேட்டரி தலையணை மாதிரி புடைத்திருந்தது. இப்போது இருப்பதை ரூட் செய்து 60 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்திருக்கிறேன். புதிய போன்கள் பலவற்றில் 80 சதவீத வரம்பு அமைப்பிலேயே வருகிறது, பழையவற்றுக்கு ரூட்தான் வழி.

ரூட் செய்தால் சிங்பாஸ், வங்கிச் செயலிகள் வேலை செய்யுமா?

செய்யாது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்: தினமும் கையில் வைத்திருக்கும் போனை ரூட் செய்யாதீர்கள், அலமாரியில் கிடக்கும் பழைய போனில் செய்யுங்கள்.

சிங்பாஸ் செயலி ரூட் செய்த போனில் இயங்காது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வங்கிச் செயலிகளும் திறந்தவுடனே சோதனை செய்யும். இதில், போன் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று செயலிகளுக்குச் சொல்லும் கூகளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சேவையும் சேர்ந்துகொள்கிறது. பூட்லோடர் திறந்திருக்கிறதா என்பதை போனில் உள்ள பாதுகாப்புச் சில்லே கையெழுத்திட்டுச் சொல்லிவிடும், அதை மென்பொருளால் எளிதில் மறைக்க முடியாது. கூகள் வாலெட்டில் கார்டைத் தட்டிப் பணம் கட்டுவதும் நின்றுவிடும்.

இந்த ஊரில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், 2024 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிச் சங்கமும் ஓர் அறிவிப்பு விட்டன. டிஜிட்டல் டோக்கன் (வங்கிச் செயலிக்குள்ளேயே நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் வசதி) வைத்திருப்பவர்கள் உள்நுழைய குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படிப்படியாக நிறுத்துவோம் என்று. அதாவது உங்கள் போனில் இருக்கும் டோக்கன்தான் இப்போது சாவி. வேறொரு போனில் டோக்கனைப் புதிதாக அமைத்தால் அது செயல்படக் குறைந்தது 12 மணி நேரக் காத்திருப்பு உண்டு. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின இரவு போனைத் திறந்து துடைத்துவிட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரூட்டை மறைக்கும் மாட்யூல்கள் (கூடுதல் துணைநிரல்கள்) இருக்கின்றனவே, அதைப் போட்டு வங்கிச் செயலியை ஓட்டலாமே?

இருக்கின்றன. இன்று ஓடும், அடுத்த வாரம் நின்றுவிடும், மறுபடி ஒன்றைத் தேடிப் போடுவீர்கள். ரூட் செய்ய இன்று பலரும் பயன்படுத்தும் மேஜிஸ்க் என்ற மென்பொருளை எழுதிய ஜான் வூவே 2021-இல் கூகள் பாதுகாப்புப் பிரிவுக்கு வேலைக்குப் போனார், 2022-இல் வந்த 24-ஆம் பதிப்பில் அந்த மறைக்கும் வசதியை எடுத்துவிட்டார். இப்போது சுற்றிக்கொண்டிருப்பவை வேறு வேறு ஆட்கள் எழுதுபவை, அவற்றில் எது உங்கள் போனில் ரூட் அதிகாரத்தோடு என்ன செய்கிறது என்று வரிவரியாகப் பார்த்தவர் எத்தனை பேர்? சம்பளம் வந்து விழும் கணக்கு இருக்கும் போனில் அப்படி ஒன்றைப் போட எனக்கு மனம் வராது. நண்பர்களுக்கும் நான் செய்து கொடுப்பதில்லை.

எந்தப் போனை ரூட் செய்வது சுலபம்?

கூகள் பிக்சல். தொழிற்சாலை மென்பொருளை கூகளே வெளியிடுகிறது, எதைக் கெடுத்தாலும் திரும்பிப் போக வழி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம் விற்ற பிக்சல்களில் பூட்லோடர் திறக்காது, கேரசெல் விற்பனைத் தளத்தில் பழையது வாங்கும்போது எந்த நாட்டுப் போன் என்று கேட்டுவிடுங்கள்.

ஷாவ்மியில் கணக்கை இணைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், பல மாடல்களில் 168 மணி நேரம். ஹுவாவே 2018-இலேயே திறக்கும் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. சாம்சங்கில் நாக்ஸ் என்று ஒன்று உண்டு: சில்லுக்குள் இருக்கும் ஒரு மின் உருகி, அதிகாரபூர்வமில்லாத மென்பொருளை ஒருமுறை ஏற்றினால் 0 என்பது 1 ஆகிவிடும், பிறகு யார் வந்தாலும் மாற்ற முடியாது. சாம்சங் பே, பாதுகாப்புக் கோப்புறை இரண்டும் அந்தப் போனில் அதோடு முடிந்தது, ரூட்டை எடுத்தாலும் திரும்பாது. 2025-இல் வந்த ஒன் யூஐ 8-இல் பூட்லோடர் திறக்கும் தெரிவையே எடுத்துவிட்டார்கள்.

சரி, பழைய பிக்சல் ஒன்று இருக்கிறது. எப்படிச் செய்வது?

முதலில் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். பூட்லோடரைத் திறக்கும்போது போன் முழுக்கத் துடைக்கப்படும். இது கோளாறில்லை, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. திருடியவன் திறந்தாலும் உங்கள் படங்கள் அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக. வாட்ஸ்அப் பேக்கப் முடிந்ததா என்று திரும்ப ஒருமுறை பாருங்கள்.

அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற இடத்துக்குப் போய், பில்ட் எண்ணை 7 முறை தட்டினால் டெவலப்பர் தெரிவுகள் திறக்கும். அங்கே ஓஇஎம் அன்லாக்கிங் (பூட்லோடரைத் திறக்க அனுமதி), யூஎஸ்பி டிபக்கிங் (கணினியிலிருந்து கட்டளை ஏற்க அனுமதி) இரண்டையும் போடுங்கள். கணினியில் கூகள் கொடுக்கும் பிளாட்பார்ம் டூல்ஸை இறக்கி வையுங்கள், கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி, ஃபாஸ்ட்பூட் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. கேபிள் விஷயத்தில் கவனம். வந்தவர்களில் பாதிப் பேர் "கணினிக்கு என் போன் தெரியவில்லை அண்ணே" என்று சொன்னதற்குக் காரணம், பேஸ்மென்ட் கடையில் 2 வெள்ளிக்கு வாங்கிய, சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்.

போனை அணைத்து, ஒலி குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் ஃபாஸ்ட்பூட் திரை வரும். கணினியில் 'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்' என்ற கட்டளையைக் கொடுங்கள், போன் உறுதி கேட்கும், ஒலி பட்டனால் தேர்ந்து பவர் பட்டனால் சரி சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கைத் திரை சில விநாடி நிற்கும். பயப்படாதீர்கள், இனிமேல் அது எப்போதும் வரும்.

அடுத்து, உங்கள் போனில் இப்போது ஓடும் அதே பில்ட் எண்ணுக்கான தொழிற்சாலைக் கோப்பை கூகளிலிருந்து இறக்கி விரியுங்கள். பிக்சல் 6 வரை பூட் என்ற இமேஜ் கோப்பு வேண்டும். ஆண்ட்ராய்டு 13-ஓடு வந்த பிக்சல் 7 முதல் இனிட் பூட் என்ற கோப்பு. அதைப் போனுக்குள் போட்டு, மேஜிஸ்க் செயலியில் நிறுவு என்பதைத் தட்டி அந்தக் கோப்பைக் காட்டினால், ஒட்டுப்போட்ட புதுக் கோப்பு ஒன்றை டவுன்லோடு கோப்புறையில் வைக்கும். அதைக் கணினிக்கு எடுத்து, ஃபாஸ்ட்பூட் வழியாக, எந்தக் கோப்பை எடுத்தீர்களோ அந்தப் பகுதியிலேயே எழுதுங்கள். மறுபடி ஆன் செய்து மேஜிஸ்க்கைத் திறந்தால் 'நிறுவப்பட்டது' என்பதற்கு நேராகப் பதிப்பு எண் தெரியும். முடிந்தது.

அமைப்புப் பகுதியைத் தொடாமல் பூட் கோப்பில் மட்டும் வேலையை முடிப்பதால்தான் 2016-இல் வந்த மேஜிஸ்க் பழைய வழிகளையெல்லாம் ஓரங்கட்டியது. இப்போது கெர்னல்எஸ்யூ என்று கெர்னலுக்குள்ளேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே, உட்காரும் வழியும் இருக்கிறது, புதிதாக வருபவர்கள் மேஜிஸ்க்கிலேயே தொடங்குங்கள்.

போன் செத்துப்போய்விடுமா?

பெரும்பாலும் இல்லை. 'செங்கல் ஆகிவிட்டது' என்று கொண்டு வருவதில் பல பூட்லூப்தான், அதாவது லோகோ வரும், போகும், மறுபடி வரும். எனக்கே ஒருமுறை இரவு ஒரு மணிக்கு நடந்தது. பில்ட் எண்ணில் கடைசியில் வரும் ஒரே ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வேறு பதிப்பின் பூட் கோப்பை ஏற்றிவிட்டேன். லோகோ பத்து முறை வந்து போனது, கை சில்லிட்டுவிட்டது. ஃபாஸ்ட்பூட் திரைக்குப் போக முடிகிறதா என்று பார்த்தேன், போனது. சரியான பதிப்பின் அசல் பூட் கோப்பை எழுதினேன், இரண்டு நிமிடத்தில் போன் எழுந்துவிட்டது. அன்றிலிருந்து, ஒட்டுப்போடாத அசல் கோப்பைத் தனிக் கோப்புறையில், பில்ட் எண்ணைப் பெயராக வைத்துச் சேமிக்காமல் எந்தப் போனையும் தொடுவதில்லை. ஃபாஸ்ட்பூட் திரை வருகிற வரைக்கும் போனுக்கு உயிர் இருக்கிறது.

கணினி இல்லாமல் ஒரே தட்டில் ரூட் செய்யும் செயலி இருக்கிறதாமே?

ஒரு காலத்தில் இருந்தது. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் இன்னும் வேடிக்கை, அதன் விசைப்பலகையில் தட்டுவதெல்லாம் பின்னால் ரூட் கட்டளையாகவும் ஓடியது, செய்தியில் 'ரீபூட்' என்று எழுதினால் போன் நிஜமாகவே அணைந்து எழும். 2014-இல் டவல்ரூட் என்ற செயலி கெர்னலில் இருந்த ஓர் ஓட்டையால் பல போன்களை ஒரு தட்டில் ரூட் செய்தது. அந்த ஓட்டைகளெல்லாம் அடைபட்டுவிட்டன. இன்று 'ஒரே தட்டு' என்று ஏபிகே கோப்பு (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) அனுப்புகிறவர்கள் அனுப்புவது தீம்பொருள். 2023-இல் இங்கே எத்தனை பேர் ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து, வீட்டைச் சுத்தம் செய்ய, உணவு வாங்க என்று ஏபிகே கோப்பைப் போட்டுச் சேமிப்பை இழந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் 2024 பிப்ரவரியில் கூகள், வெளியிலிருந்து வரும் ஆபத்தான செயலிகளைத் தடுக்கும் முன்னோட்டத்தை முதலில் சிங்கப்பூரில் தொடங்கியது. அப்படி ஏதாவது போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள், வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1799, ஸ்கேம்ஷீல்டு உதவி எண்.

சிம் லிம் பக்கம் கடையில் கொடுத்துச் செய்யலாமா?

வேண்டாம். ரூட் கொடுப்பது வீட்டின் எல்லாச் சாவியையும் கொடுப்பது, நீங்கள் கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் உள்ளே என்ன வைத்தார்கள் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அடுத்த முறை நீங்களே செய்வீர்கள்.

பழைய போன் வாங்கினேன், வங்கிச் செயலி திறக்கவில்லை. முந்தின ஆள் ரூட் செய்திருப்பாரோ?

இருக்கலாம். எங்கள் கீழ் மாடி அங்கிளுக்கு அப்படித்தான் ஆனது. விரைவு ரயில் நிலைய வாசலில் ஐந்து நிமிடத்தில் பார்த்து வாங்கிவிட்டார், வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்த வங்கியும் உள்ளே விடவில்லை. விற்றவர் பதில் சொல்லவில்லை. நான் அசல் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தேன், அவர் அதிர்ஷ்டம் அது சாம்சங் இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் போனை ஒருமுறை அணைத்து ஆன் செய்யச் சொல்லுங்கள். பூட்லோடர் எச்சரிக்கைத் திரை வந்தால் தெரிந்துவிடும். பிளே ஸ்டோர் அமைப்புகளில் 'பற்றி' என்ற பகுதியில் சாதனம் சான்றளிக்கப்பட்டதா என்று இருக்கும், அதையும் பாருங்கள். சாம்சங் என்றால் டவுன்லோடு மோடு திரையில் நாக்ஸ் எண் 0 தானா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். மொத்தம் மூன்று நிமிட வேலை.

உத்தரவாதம் போய்விடுமா? சட்டச் சிக்கல் வருமா?

உத்தரவாதத்தை ஏற்க மறுக்கலாம் என்று எண்ணிக்கொண்டே செய்யுங்கள், அதனால்தான் உத்தரவாதம் முடிந்த போன் நல்லது. உங்கள் சொந்தப் போனைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மனைவி போன், முதலாளி கொடுத்த போன், நண்பன் போன் என்று இன்னொருவருடையதை அவருக்குத் தெரியாமல் திறந்தால் அது கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் பக்கம் போகிற விஷயம். யார் கேட்டாலும் மறுத்துவிடுவேன். கம்பெனி மின்னஞ்சல் இருக்கும் சொந்தப் போனையும் தொடாதீர்கள், ரூட் தெரிந்தவுடன் வேலைக் கணக்கை வெளியேற்றிவிடும்.

ரூட் இல்லாமலே ஏதாவது செய்ய முடியாதா?

நிறையச் செய்யலாம், பலருக்கு இதுவே போதும். விளம்பரத் தொல்லைக்கு, அமைப்புகளில் தனிப்பட்ட டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தில் விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் பெயரைப் போடுங்கள். வேண்டாத நிறுவனச் செயலிகளை ஏடிபி வழியாக உங்கள் கணக்கிலிருந்து மட்டும் நீக்கலாம், தப்பாகிவிட்டால் போனை ரீசெட் செய்தால் திரும்பி வந்துவிடும். ஷிசுகு என்ற செயலி அதே ஏடிபி அதிகாரத்தை மற்றச் செயலிகளுக்குக் கொடுக்கும். ஆனால் டெவலப்பர் தெரிவுகளைத் திறந்து வைத்திருந்தால் சில வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கும், வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

ரூட் செய்த பிறகு அப்டேட் வந்தால்?

அப்படியே போட்டால் தோற்றுப்போகும், அல்லது ரூட் போய்விடும். பிக்சலில் மென்பொருள் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்றில் ஓடும்போது மற்றதில் அப்டேட் ஏறும். மேஜிஸ்க்கில் முதலில் அசல் கோப்பை மீட்டு, அப்டேட்டைப் போட்டு, மறுதொடக்கம் செய்யாமல் மேஜிஸ்க்கை அந்த இரண்டாவது இடத்தில் நிறுவ வேண்டும். அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள், பூட்லோடர் திறந்த போனுக்குப் பாதுகாப்புத் திருத்தம் இன்னும் அதிகமாகத் தேவை.

மனம் மாறிவிட்டது, பழையபடி ஆக்க முடியுமா?

முடியும், சாம்சங் உருகி தவிர. மேஜிஸ்க் செயலிக்குள்ளேயே முழுமையாக நீக்கும் தெரிவு இருக்கிறது. ஆனால் பூட்லோடரைத் திரும்பப் பூட்ட வேண்டுமென்றால் வரிசை ரொம்ப முக்கியம்: முதலில் தொழிற்சாலை மென்பொருள் முழுவதையும் ஏற்றுங்கள், போனை ஆன் செய்து ஒழுங்காக ஓடுகிறதா பாருங்கள், ஓஇஎம் அன்லாக்கிங்கை அணைக்காமல் அப்படியே விடுங்கள், அப்புறம்தான் பூட்டும் கட்டளை. ஒட்டுப்போட்ட கோப்பு உள்ளே இருக்கும்போதே பூட்டினால் வாயிற்காவலர் கையெழுத்துச் சரியில்லை என்று போனை எழ விடமாட்டார், ஓஇஎம் அன்லாக்கிங்கும் அணைந்திருந்தால் திரும்பத் திறக்கவும் விடமாட்டார். நான் முன்னால் சொன்னேனே, பெரும்பாலும் செங்கல் ஆகாது என்று. ஆகிற இடம் இதுதான். பூட்டும்போது போன் இன்னொரு முறை முழுக்கத் துடைக்கப்படும், அதற்கும் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.